ஏஐ வீடியோவில் வாட்டர்மார்க்: விட்டுவிடலாமா, அழிக்கலாமா, காசு கொடுக்கலாமா?

போன மாசி மாதம் ஒரு அக்கா என் எடிட்டிங் கடைக்கு வந்தார். தங்கைக்குக் கல்யாணம், அப்பா தவறி நாலு வருடம் ஆகிவிட்டது, கையில் இருப்பது ஒரே ஒரு படம். ஏதோ விண்ணப்பத்துக்காக ஸ்டுடியோவில் எடுத்தது, நீலத் துணிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர், கேமராவைப் பார்த்து லேசாக முறைத்தபடி. அதை வைத்து, அப்பா சிரித்துக்கொண்டே வந்து அட்சதை போடுவது மாதிரி ஒரு வீடியோ வேண்டும், தாலி கட்டி முடித்ததும் மண்டபத்து எல்இடி திரையில் ஓட வேண்டும் என்றார். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார் அல்லவா, அதற்கப்புறம் ‘எங்க அப்பாவையும் அப்படிக் கொண்டுவர முடியுமா’ என்று சாதாரணக் குடும்பங்களும் கேட்க ஆரம்பித்துவிட்டன.

ஐந்தாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. முதல் நாலில் ஒன்றில் கைவிரல் கூடுதல், இன்னொன்றில் அரிசி மேல்நோக்கிப் பறந்தது. ஐந்தாவதில் உதட்டின் இடது ஓரம் முதலில் சிரித்து, அப்புறம் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அக்கா அழுதுவிட்டார். “அப்படியேதான் சிரிப்பாரு தம்பி” என்றார். இரண்டாவது தடவை ஓட்டிக் காட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினார். “அப்பா வேட்டி மேல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கே, அதை மட்டும் எடுத்துருங்க.”

அது ‘வியோ’ (Veo) என்ற மூன்றெழுத்து வாட்டர்மார்க், அதாவது வீடியோவை உருவாக்கிய கருவி தானாகப் பதிக்கிற அடையாளக் குறி. கூகுளின் வீடியோ மாடல் பெயர்.

ஏஐ வீடியோ செய்கிற எல்லோரும், சேனல் நடத்துகிறவரானாலும் என்னை மாதிரி கல்யாணம், கடை விளம்பரம் என்று ஓடுகிறவரானாலும், இந்த இடத்தில் வந்து நிற்கிறோம். அப்படியே விடலாம், க்ராப் செய்யலாம், அழிக்கிற ஆப்பில் போடலாம், காசு கட்டிக் குறியில்லாமல் எடுக்கலாம், நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற ஓப்பன் மாடலுக்குப் போகலாம். இந்த ஒன்றரை வருடத்தில் ஐந்தையுமே செய்து பார்த்துவிட்டேன், இரண்டில் சூடும் பட்டிருக்கிறேன். எந்த வேலைக்கு எது என்பதில் எனக்கு இப்போது தெளிவான கருத்து உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாட்டர்மார்க் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஒரு ஏஐ வீடியோவில் மூன்று வகைக் குறிகள் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற எழுத்து ஒன்று. கண்ணுக்குத் தெரியாமல் பிக்சல்களுக்குள்ளேயே பதித்தது இன்னொன்று. கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்டில் படங்களுக்காகக் கொண்டுவந்த சிந்த்ஐடி இந்த வகை, 2024 மே மாதம் வீடியோவுக்கும் வந்தது. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற காந்தி மாதிரி, ஆனால் இதற்கு வெளிச்சம் போதாது, கண்டுபிடிக்கிற மென்பொருள் வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் இருக்கிறது. க்ராப், ஃபில்டர், பிரேம் ரேட் மாற்றம், கம்ப்ரஷன் எல்லாவற்றையும் தாக்குப்பிடிக்கிற மாதிரிதான் வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது, ஃபைலோடு சேர்ந்து பயணிக்கிற மெட்டாடேட்டா. அடோபி, மைக்ரோசாப்ட், பிபிசி, இன்டெல், ஆர்ம், ட்ரூபிக் சேர்ந்து 2021இல் தொடங்கிய சி2பிஏ அமைப்பின் தரம் இது. எந்தக் கருவியில் உருவானது, எதில் எடிட் ஆனது என்று கையொப்பத்தோடு பதிவு இருக்கும். பார்சல் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மாற்றிக் கட்டினால் சீட்டு போய்விடும், வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பினாலே போதும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ‘வாட்டர்மார்க்கை எடுத்துட்டேன்’ என்று சொல்கிறவர் முக்கால்வாசி நேரம் எடுத்திருப்பது முதல் வகையை மட்டும்தான்.

சரி, அழிக்கிற ஆப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். ஓபன்ஏஐயின் வீடியோ கருவியான சோரா 2 வந்தது 2025 செப்டம்பர் 30 அன்று. அதன் லோகோ ஒரே மூலையில் நிற்கவில்லை, வீடியோ முழுக்க இடம் மாறிக்கொண்டே இருந்தது, அதனால் ஓரத்தை வெட்டினால் போகாது. அப்படி இருந்தும் ஒரு வாரத்துக்குள் அதை அழித்துத் தருகிறோம் என்று இணையதளங்கள் முளைத்துவிட்டன. வேலை செய்யும் விதம் எளிது. லோகோ இருக்கும் இடத்தை அடையாளம் கண்டு, சுற்றியுள்ள பிக்சல்களையும் முன்பின் பிரேம்களையும் பார்த்து, அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. வெறும் சுவர், வானம், மங்கலான பின்னணி என்றால் கண்டே பிடிக்க முடியாது. நுணுக்கமான வேலைப்பாடு இருந்தால் கதை வேறு.

ஒரு பட்டுக்கடை தீபாவளி விளம்பரத்தில் எனக்கு நடந்தது இதுதான். ஏதோ ஒரு கருவியின் இலவசத் திட்டத்தில் செய்தது, ஓரத்தில் லோகோ. பெண் நடந்து வரும்போது புடவையின் ஜரிகைக் கரை அந்த மூலையைக் கடந்து போகும். அழித்த பிறகு போனில் பார்த்தேன், நன்றாக இருந்தது, அனுப்பிவிட்டேன். கடை வாசலில் இருக்கிற எட்டடித் திரையில் போட்டபோது, கரையில் வரிசையாகப் போகிற அன்னப்பறவை ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கு வந்ததும் கரைந்து, ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி குழம்பி, மறுபடி அன்னமாக வெளியே வந்தது. முதலாளிக்கு லோகோவும் தெரியாது ஏஐயும் தெரியாது, ஆனால் ஜரிகை தெரியும். “இந்தக் கரையில என்ன தம்பி அழுக்கு?” என்று கேட்டார். வேறு யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் பட்டது. திரும்பச் செய்து கொடுத்தேன், அந்த வாரத்து லாபம் போனது.

தரம்கூடப் பெரிய விஷயமில்லை. அந்தத் தளங்களில் நாம் எதை ஏற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். யார் நடத்துகிறார், எந்த நாட்டில் சர்வர் என்று எதுவும் தெரியாத இடத்தில், நம்மை நம்பி ஒருவர் கொடுத்த முகத்தை, மணப்பெண்ணின் முகத்தை, செத்துப்போன ஒருவரின் முகத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். என்னால் இனிமேல் அது முடியாது. அப்புறம், அழித்தாலும் சிந்த்ஐடி உள்ளேயே இருக்கிறது. வலது கீழ் மூலையை வெட்டி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, திரும்ப இறக்கி, அந்த கிளிப்பைக் கூகுளின் ஜெமினி ஆப்பில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். கூகுள் ஏஐயில் உருவானது என்று எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை என்பதோடு சொல்லிவிட்டது. 2025 டிசம்பரிலிருந்து இந்த வசதி எல்லோருக்கும் இருக்கிறது, 100 எம்பிக்குள், 90 விநாடிக்குள் இருக்கிற வீடியோவைப் போட்டுக் கேட்கலாம். உங்கள் கிளையன்டும் கேட்கலாம், அவருடைய போட்டியாளரும் கேட்கலாம். இது கூகுள் கருவிகளில் உருவானதை மட்டும்தான் கண்டுபிடிக்கும். அதனால் ‘கண்டுபிடிக்கவில்லை’ என்று வந்தால் நிஜ வீடியோ என்று அர்த்தமாகாது. ஆனால் ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டால், மறைத்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

க்ராப் செய்வதும் இதே குடும்பம்தான், கொஞ்சம் கண்ணியமானது, அவ்வளவே. கிடைமட்ட வீடியோவை ரீல்ஸுக்காக நெட்டையாக வெட்டும்போது மூலை லோகோ தானாகவே போய்விடும், அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, போன லோகோவுக்குப் பதிலாக ‘இது ஏஐ’ என்று நம் கையால் ஒரு வரி போடுவது. லோகோவுக்காகவே ஜூம் செய்து வெட்டுவது என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. கோலத்தின் ஒரு பக்கம் போகும், கால் போகும், 720பியில் வந்த வீடியோ இன்னும் மங்கும்.

அடுத்து, காசு கட்டிக் குறியில்லாமல் எடுப்பது. தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இதுதான் நேர்வழி, ஆனால் விலையைப் புரிந்துகொண்டு போக வேண்டும். நம்மூரில் நிறையப் பேர் கையில் வியோ வந்தது ஜியோ வழியாக. 2025 அக்டோபர் 30 அன்று கூகுள் ஏஐ ப்ரோ திட்டத்தை 18 மாதத்துக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள், மதிப்பு 35,100 ரூபாய் என்று சொன்னார்கள், அதாவது மாதம் 1,950 ரூபாய்த் திட்டம். ‘காசு கொடுக்கிற திட்டம்தானே, லோகோ ஏன் வருது’ என்று என்னிடம் கேட்ட பசங்களே பத்துப் பேர் இருப்பார்கள். வியோ 3 வந்தபோதே கூகுள் சொன்னது இதுதான்: விலை உயர்ந்த அல்ட்ரா திட்டத்தில் இருப்பவர்கள் ஃப்ளோ என்ற கூகுளின் வீடியோ கருவியில் உருவாக்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் லோகோ தெரியும். அப்போது, 2025இல், அல்ட்ராவின் அமெரிக்க விலை மாதம் 249.99 டாலர். திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கிற எனக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனால் இடையில் ஒரு வழி இருக்கிறது, சொன்னால் நிறையப் பேர் ஆச்சரியப்படுகிறார்கள். மாதச் சந்தா இல்லாமல், டெவலப்பர்களுக்கான ஏபிஐ (நம் புரோகிராமிலிருந்து கூகுளின் மாடலை நேரடியாக ஓட்டும் இணைப்பு) வழியாக விநாடிக்கு இவ்வளவு என்று கட்டி எடுப்பது. 2025 செப்டம்பரில் விலையைக் குறைத்தபோது வியோ 3க்கு விநாடிக்கு 0.40 டாலர், வியோ 3 ஃபாஸ்ட்டுக்கு 0.15 டாலர் என்று வைத்தார்கள். எட்டு விநாடி கிளிப் ஒன்று ஃபாஸ்ட்டில் 1.20 டாலர். அதில் மூலை லோகோ வராது, சிந்த்ஐடி மட்டும் உள்ளே இருக்கும். கேட்க மலிவாகத் தெரியும், ஆனால் ஒரு கிளிப் முதல் தடவையே சரியாக வருவதில்லை. பத்து ஷாட் உள்ள ஒரு கடை விளம்பரத்துக்கு, ஒவ்வொன்றையும் நாலு தடவை ஓட்டினால் நாற்பது கிளிப், 48 டாலர், நம் பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கை கொட்டேஷன் கொடுக்கும்போதே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு ‘லோகோ இல்லாம வேணும்னா இன்னும் நாலாயிரம்’ என்று சொன்னால் எந்தக் கிளையன்டும் ஏற்கமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சோராவிலும் முதல் பதிப்பிலிருந்தே விலை உயர்ந்த ப்ரோ திட்டத்துக்குக் குறியில்லாமல் இறக்கும் வசதி கொடுத்தார்கள். மற்ற கருவிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான், இலவசத்தில் லோகோ வரும், காசு கட்டினால் வராது. ஆக, மூலை லோகோ என்பதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று அந்தக் கம்பெனியின் விளம்பரம். இன்னொன்று ‘இது கேமராவில் எடுத்ததல்ல’ என்று பார்ப்பவருக்குச் சொல்லும் தகவல். காசு கட்டினால் விளம்பரத்தை நீக்கிக்கொள்ளலாம், அது நம் உரிமை. தகவலைச் சொல்கிற பொறுப்பு அதோடு போய்விடாது, கம்பெனி தோளிலிருந்து இறங்கி நம் தோளுக்கு வருகிறது. என் கருத்தெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஓப்பன் மாடல்களைப் பற்றிக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்கிறேன். அலிபாபா 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வான் 2.1 மாடலின் சின்னப் பதிப்புக்கு 8.19 ஜிபி கிராபிக்ஸ் மெமரி போதும், ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டில் 480பி தரத்தில் ஐந்து விநாடி எடுக்க நாலு நிமிடம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். லோகோ கிடையாது, லைசென்ஸும் தாராளம், கிளையன்ட் முகம் நம் கடையை விட்டு வெளியே போகாது. அந்தக் கடைசி விஷயத்துக்காகவே எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் கார்டு விலை, மின்சாரம், செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுகிற ராத்திரிகள் எல்லாம் சேர்த்தால் தனி ஆள் கடைக்குச் சுலபமில்லை. பெரிய கருவிகளில் ஏதாவது ஒரு குறியாவது தானாக உள்ளே போய்விடும். இங்கே எந்தக் குறியும் இல்லை, நாமாகப் போட்டால்தான் உண்டு. லேபிள் போடும் பழக்கம் இன்னும் கைக்கு வராதவர் இங்கிருந்து ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

இப்போது சட்டம். இதில் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடுகிற தகவல் பாதி பழையது. 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவில், ஏஐ லேபிள் திரையில் குறைந்தது 10 சதவீத இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் அலறினார்கள். 2026 பிப்ரவரி 10 அன்று அறிவித்து, 20ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தப்பட்ட ஐடி விதிகளில் அந்த 10 சதவீதம் இல்லை. தெளிவாகத் தெரிகிற லேபிள் வேண்டும், எங்கிருந்து வந்தது என்று காட்டும் நிரந்தர மெட்டாடேட்டா தொழில்நுட்பம் அனுமதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், அந்த லேபிளையோ மெட்டாடேட்டாவையோ நீக்குவதற்குத் தளங்கள் வழிவிடக் கூடாது என்று இருக்கிறது. பெரிய சமூக வலைத்தளங்கள், பதிவேற்றுகிறவரிடம் ‘இது செயற்கையாக உருவாக்கியதா’ என்று கேட்டு உறுதிமொழி வாங்க வேண்டும், அதைச் சரிபார்க்கவும் வேண்டும். அரசோ நீதிமன்றமோ நீக்கச் சொன்னால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும், முன்பு அது 36 மணி நேரமாக இருந்தது. கலர் கரெக்‌ஷன், இரைச்சல் நீக்குவது, சப்டைட்டில் மாதிரி வழக்கமான எடிட்டிங்குக்கு விலக்கு உண்டு. எனவே ஸ்கின் டோன் சரிசெய்த கல்யாண வீடியோவுக்கு லேபிள் போட வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை. இந்தக் கடமைகள் நேரடியாகத் தளங்களின் மேல்தான் விழுகின்றன, ஆனால் கேட்கிற கேள்விக்குப் பொய்யாக ‘இல்லை’ என்று டிக் செய்வது நீங்கள், போவது உங்கள் கணக்கு.

தேர்தல் வேலை எடுப்பவர்கள் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். தேர்தல் ஆணையம் 2025 அக்டோபரில் கட்சிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில் 10 சதவீத அளவு இருக்கிறது, வீடியோ என்றால் திரையின் மேற்பகுதியில் லேபிள் இருக்க வேண்டும், ஆடியோ என்றால் முதல் 10 சதவீத நேரத்தில் சொல்ல வேண்டும். ‘தலைவர் பேசுற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடுங்க, லேபிள் சின்னதா ஓரத்துல போட்டுக்கலாம்’ என்று கேட்டால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

யூடியூப்காரர்களின் பயம் வேறு. லோகோ தெரிந்தால் அல்காரிதம் அமுக்கிவிடும், மானிடைசேஷன் போய்விடும் என்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம், மற்ற ஆப்களின் லோகோ தெரிகிற ரீல்ஸை அதிகம் பரிந்துரைக்கமாட்டோம் என்றது. அப்போது அவர்கள் மனதில் இருந்தது டிக்டாக்கின் லோகோ, அந்தப் பழைய நடுக்கம்தான் இன்று ஏஐ லோகோ மேலும் வந்து நிற்கிறது. யூடியூப்பைப் பொறுத்தவரை விஷயம் தெளிவு. 2024 மார்ச்சிலிருந்து, நிஜம் மாதிரியே தெரிகிற செயற்கைக் காட்சி இருந்தால் பதிவேற்றும்போது சொல்ல வேண்டும். சொல்வதால் பார்வையாளர்கள் எண்ணிக்கையோ வருமானத் தகுதியோ குறையாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லாமல் விட்டால்தான் வீடியோ நீக்கம், பார்ட்னர் திட்டத்திலிருந்து இடைநீக்கம் வரை போகும். கார்ட்டூன், பறக்கும் யானை மாதிரி நிஜமென்று யாரும் நம்ப வாய்ப்பில்லாதவற்றுக்கு இது தேவையில்லை. 2025 ஜூலை 15இல் வந்த மாற்றத்தை ‘ஏஐ வீடியோவுக்குத் தடை’ என்று சிலர் பரப்பினார்கள். அது குறிவைத்தது ஒரே அச்சில் வார்த்துக் கொட்டுகிற வீடியோக்களை. உங்கள் வீடியோவில் சொந்தச் சரக்கு இருந்தால் மூலையில் இருக்கிற மூன்றெழுத்தால் அது கெட்டுப்போகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். குறிகள் அப்பாவிகளையும் பிடித்துவிடும். 2024 மே மாதம் மெட்டா ‘ஏஐயால் உருவாக்கியது’ என்ற லேபிளைக் கொண்டுவந்தபோது, கேமராவில் எடுத்த நிஜப் படத்தில் ஒரு சின்னத் தூசியை ஃபோட்டோஷாப்பின் ஏஐ கருவியால் துடைத்தவர்களின் படத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது. புகைப்படக்காரர்கள் கொதித்துப்போனதும், ஜூலையில் மெட்டா ‘ஏஐ தகவல்’ என்று வார்த்தையை மாற்றியது. நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த படத்தின் மேல் அப்படி ஒரு வரி விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் எடிட்டில் எந்த ஷாட்டில் ஏஐ தொட்டது, எதில் தொடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கேமரா ஒரிஜினல் ஃபைலை ஆறு மாதமாவது அழிப்பதில்லை. யாராவது தப்பாகக் குற்றம் சாட்டினால் காட்டுவதற்கு நம்மிடம் இருப்பது அதுதான்.

கடைசியாக, அப்படியே விட்டுவிடுவது. சொந்த சேனல், பழகிப் பார்க்கிற ரீல்ஸ், நண்பர்களுக்கான பிறந்தநாள் வாழ்த்து, இதிலெல்லாம் லோகோவை விட்டுவிடுங்கள். செலவில்லை, பார்க்கிறவருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் லோகோவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வியோ என்றால் என்னவென்று அந்த அக்காவுக்கே தெரியவில்லை, வேட்டியில் ஏதோ எழுத்து என்றுதான் பட்டது. என் அம்மாவுக்கும் தெரியாது, ஷார்ட்ஸில் வருகிற புலியும் யானையும் நிஜமென்று நம்பி எனக்கு அனுப்புகிறார், ஓரத்தில் லோகோ பளிச்சென்று இருக்கிறது. அதுவும் ஷார்ட்ஸில் வலது கீழ்ப்பக்கம் லைக், ஷேர் பட்டன்கள் இருக்கிற இடம், பாதி நேரம் லோகோ அதற்குள் ஒளிந்துவிடுகிறது. கூடவே, ஒரு லோகோவை நிஜ வீடியோ மேலும் யார் வேண்டுமானாலும் ஒட்டிவிட்டு ‘இது ஏஐ’ என்று சொல்லிவிடலாம். பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமென்றால் தமிழில், படிக்கிற அளவில், குறைந்தது முதல் மூன்று விநாடியாவது ‘ஏஐ மூலம் உருவாக்கிய காட்சி’ என்று இருக்க வேண்டும். மேல் இடது மூலையில், இலேசான கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகப் போடுகிறேன். அங்கே பட்டன்கள் அவ்வளவாக மறைப்பதில்லை.

ஆக என் கடையில் இப்போது வைத்திருக்கும் வழக்கம் இது. கடை விளம்பரம், கம்பெனி வேலை என்றால் ஏபிஐ வழியாக லோகோ இல்லாமல் எடுத்து, தமிழ் வரியை நானே போட்டு, இரண்டுக்கும் சேர்த்து கொட்டேஷனில் எழுதுகிறேன். ‘அந்த வரி வேணாம்’ என்று கேட்கிற கிளையன்டிடம், தளமே கேட்கும், நாம் சொல்லாமல் விட்டால் உங்கள் பக்கத்துக்குத்தான் சிக்கல் என்று சொல்கிறேன், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். சொந்த ரீல்ஸில் லோகோவை விடுகிறேன், தமிழ் வரி அங்கேயும் உண்டு. அழிக்கிற ஆப் எதையும் தொடுவதில்லை.

முக்கியமான ஒன்று, இதைத்தான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்: வாட்டர்மார்க்கைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய நேரம் வீடியோ உருவாக்குவதற்கு முன்னால். ஒரு திட்டத்தில் உருவாக்கிய கிளிப்பை இன்னொரு திட்டத்தில் அப்படியே திரும்ப எடுக்க முடியாது. அதே படம், அதே வார்த்தைகள் கொடுத்தாலும் வருவது வேறு கிளிப். வேறு நடை, வேறு வெளிச்சம், வேறு சிரிப்பு.

அக்கா விஷயத்தில் அந்தத் தப்பைத்தான் செய்திருந்தேன். முன்னாலேயே கேட்டிருந்தால் முதலிலிருந்தே ஏபிஐயில் ஓட்டியிருப்பேன். அழித்துத் தரமாட்டேன், லோகோ இல்லாமல் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, அன்று சாயங்காலம் ஏழு தடவை ஓட்டினேன், 8.40 டாலர் ஆனது. ஏழும் சுத்தமாக வந்தன, மூலையில் ஒன்றுமில்லை. மறுநாள் அக்கா தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ஏழையும் வரிசையாகப் பார்த்தார்கள். ஒன்றில் பல் அதிகம் தெரிந்தது, ஒன்றில் ஏதோ டிவி விளம்பரத்தில் வருகிற பெரியவர் மாதிரி இருந்தது. “இது யாரோ மாதிரி இருக்குக்கா” என்று தங்கை இரண்டு தடவை சொன்னார். பழையதைப் போடச் சொன்னார்கள். இடது ஓரத்தில் ஆரம்பிக்கிற அந்தச் சிரிப்பு வந்ததும் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுத்து இருந்தா இருந்துட்டுப் போகட்டும் தம்பி, இதையே குடுங்க” என்றார் அக்கா. மேல் இடது மூலையில் தமிழ் வரியை என்ன வார்த்தையில் போடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தங்கைதான் சொன்னார்: “அப்பா இருந்திருந்தால் – ஏஐ காட்சி.” அப்படியே போட்டுக் கொடுத்தேன். அந்த 8.40 டாலரைப் பில்லில் சேர்க்கவில்லை.